மூன்று முறை முடிசூடிய சுல்தான்

பாவா ஆதம் மலையைக் காண இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவை நாம் எல்லோரும் அறிவோம். நம் நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1326 இல், அவர் கெய்ரோவைக் கண்டு வியந்தார். அப்போது அந்நகரை ஆண்டவர் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூன். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த பேரரசர் என்று மட்டுமே நான் அவரை எண்ணியிருந்தேன். அவரது சிறுபராயத்தைப் பற்றி வாசித்த பின்னர் அந்த எண்ணம் அப்படியே நிற்கவில்லை.

அவருடைய தந்தை கலாவூன் ஒரு மம்லூக். அதாவது, அடிமையாக வாங்கப்பட்டு, போர்ப்பயிற்சி பெற்று, சுல்தானாக உயர்ந்தவர். யாப்பஹுவவிலிருந்து முதலாம் புவனேகபாகு மன்னன் 1283 இல் தூதனுப்பியது இந்தக் கலாவூனிடம்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து முஹம்மத் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். அடுத்து ஆண்ட மூத்த சகோதரர் கலீல், அக்கா நகரைச் சிலுவைப் போர்வீரரிடமிருந்து மீட்டவர். அவரும் 1293 இறுதியில் வேட்டைக்குச் சென்ற இடத்தில் சொந்த அமீர்களாலேயே கொல்லப்பட்டார்.

அமீர்களில் எவரும் மற்றவரைச் சுல்தானாக ஏற்கத் தயாராக இல்லை. எனவே எட்டு வயது முஹம்மதை அரியணையில் அமர்த்தினார்கள். தங்களில் பலசாலி யார் என்று தெரியும்வரை அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வருடத்தில் அது தெரிந்தது. ஆட்சிப் பொறுப்பைக் கவனித்த கித்புகா தாமே சுல்தானானார். அவரை விரட்டிவிட்டு லாஜீன் வந்தார். லாஜீன் சிறுவனைக் கெய்ரோவில் வைத்திருக்கவும் விரும்பாமல், இன்றைய ஜோர்தானில் உள்ள கரக் கோட்டைக்கு அனுப்பிவைத்தார்.

1299 இல் லாஜீனும் கொல்லப்பட்டார். மீண்டும் அதே சிக்கல், மீண்டும் அதே தீர்வு. சுமார் பதினான்கு வயதான முஹம்மத் இரண்டாவது முறையாக அழைத்துவரப்பட்டார்.

இந்தப் பத்து ஆண்டுகள்தான் என்னை மிகவும் பாதித்தவை. பெயருக்கு அவர் சுல்தான். அதிகாரமோ ஸலார், பைபர்ஸ் அல்ஜாஷன்கீர் என்ற இரு அமீர்களின் கையில். (ஐன் ஜாலூத்தில் போரிட்ட புகழ்பெற்ற பைபர்ஸ் வேறு.) ஜாஷன்கீர் என்றால் சுல்தானின் உணவைச் சுவைத்துப் பரிசோதிப்பவர் என்று பொருள். அப்படிப்பட்ட பட்டம் உடையவரும் அவருடைய கூட்டாளியும் சேர்ந்து சுல்தானின் செலவுப் பணத்தை மட்டுமன்றி, அவர் ஆசைப்பட்ட உணவைக்கூடக் கட்டுப்படுத்தினார்கள். 1303 ரமழானில் திமிஷ்க் அருகே மொங்கோலியரைத் தோற்கடித்த போரில் அவர் களத்தில் நின்றார். இமாம் இப்னு தைமிய்யா பங்கெடுத்த போர் அது. வெற்றியோடு திரும்பிய பின்னரும் மாளிகையில் அவருடைய நிலை மாறவில்லை.

1309 இல் ஹஜ்ஜுக்குச் செல்வதாகக் கூறிப் புறப்பட்டார். வழியில் கரக்கிற்குத் திரும்பினார். கோட்டைப் பாலத்தை அவர் கடக்கும்போது அது முறிந்து, பின்னால் வந்தவர்கள் அகழியில் விழுந்தார்கள், அவர் தப்பினார். அங்கிருந்து, பதவி வேண்டாம் என்று எழுதியனுப்பினார். அது விரக்தியா, தந்திரமா? இரண்டும் கலந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பைபர்ஸ் சுல்தானானார். அந்த ஆண்டு நைல் நதியில் நீர் போதிய அளவு உயரவில்லை. கெய்ரோ மக்கள் தெருக்களில் புதிய சுல்தானைக் கேலிசெய்து பாடினார்கள். அந்த நொண்டியே திரும்பி வரட்டும் என்று கேட்டார்கள். முஹம்மதுக்கு ஒரு காலில் ஊனம் இருந்தது. ஷாம் தேசத்து ஆளுநர்களும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். 1310 இல், நோன்புப் பெருநாளையொட்டி, அவர் கெய்ரோ திரும்பினார். வயது இருபத்தைந்து. இம்முறை யாருடைய தயவிலும் வரவில்லை.

பைபர்ஸ் கொல்லப்பட்டார். ஸலார் சிறையில் பட்டினி போடப்பட்டு இறந்தார். பசி தாங்காமல் தன் செருப்பையே மென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். உணவு மறுக்கப்பட்ட சிறுவனுக்காக இரங்கிய என்னால் இந்த இடத்தை எளிதாகக் கடக்க முடியவில்லை.

அடுத்த முப்பத்தொரு ஆண்டுகள் எகிப்துக்குச் செழிப்பான காலம். அலெக்ஸாந்திரியாவுக்குக் கால்வாய் வெட்டப்பட்டது. நிலங்கள் மீண்டும் அளக்கப்பட்டன, பல வரிகள் நீக்கப்பட்டன. 1318 இல் கோட்டைக்குள் அவர் கட்டிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. மாலியின் மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் 1324 இல் பொன்னோடு வந்திறங்கியதும் இவருடைய கெய்ரோவில்தான். மூன்று முறை ஹஜ் செய்தார்.

ஆனால் யாரையும் முழுதாக நம்ப அவரால் முடியவில்லை. திமிஷ்க்கின் ஆளுநர் தன்கிஸ் அவருடைய மாமனாரும்கூட. கால் நூற்றாண்டுக்கும் மேலாக விசுவாசமாகப் பணியாற்றியவர். 1340 இல் அவரையும் கைதுசெய்யச் செய்தார். தன்கிஸ் சிறையிலேயே உயிரிழந்தார்.

மறு ஆண்டு, 1341 இல், சுல்தான் வபாத்தானார். அவருக்குப் பின் அரியணையேறிய மகன் அபூபக்ர் சில மாதங்களிலேயே பதவி பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து அமீர்கள் தேடியெடுத்து அமர்த்தியது குஜுக் என்ற இன்னொரு மகனை. தந்தை முதன்முதலாக முடிசூடிய வயதைக்கூட அந்தப் பிள்ளை எட்டியிருக்கவில்லை.