கீர்த்தனையும் எழுதினார், கலைக்களஞ்சியமும் தொகுத்தார்: யார் இந்தப் பெரியசாமித் தூரன்?

வால் நட்சத்திரம்னா என்ன என்று பிள்ளை கேட்டால், திருப்பூர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா உடனே செல்போனை எடுப்பார். சரி, 70 வருஷத்துக்கு முன்னால்? தமிழில் புரட்டிப் பார்க்க ஒரு புத்தகம் வேண்டுமே. அதைத் தொகுத்தவர் இதே கொங்கு மண்ணுக்காரர்தான்.

1908-ல் மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் தூரன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1931-ல் பகத்சிங் தூக்கிலிடப்பட்ட செய்தி அவரை உலுக்கிவிட, பி.ஏ. இறுதித் தேர்வையே எழுதவில்லை. அப்புறம் கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியர் வேலை. கூடவே கவிதை, சிறுகதை, நாடகம், மனநூல் என்று எழுதிக்கொண்டிருந்தார். சுதேசமித்திரன் இதழில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்துப் புத்தகமாக்கியதும் இவர்தான்.

வித்யாலயத்தை நிறுவிய தி.சு.அவினாசிலிங்கம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். கலைக்களஞ்சியத் திட்டம் 1947-ல் உருவானது. தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பு தூரனுக்கு வந்தது.

வேலை லேசுப்பட்டதல்ல. அணு, பயிர் நோய், சிற்பம், சட்டம் என எல்லாத் துறையும் அகர வரிசையில் வரவேண்டும். ஆனால் துறை வல்லுநர்கள் பலருக்குத் தமிழில் எழுதிப் பழக்கமில்லை, ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்கள். அதைத் தமிழாக்கி, பொருத்தமான கலைச்சொல் தேடி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எழுத்தை ஒரே நடைக்குக் கொண்டுவரணும். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் காகிதமும் அச்சுக்கோப்பும்தான். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாவது 1968-ல். தொகுதிக்குச் சுமார் 750 பக்கம்!

அதோடு விட்டாரா? குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி. அது முடிந்தது 1976-ல்.

ஒரு கவிஞரின் நல்ல வருஷங்களை இந்த வேலை விழுங்கிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. மரபியலை விளக்க 'பாரம்பரியம்' எழுதினார். நூற்றுக்கணக்கில் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றினார். டி.கே.பட்டம்மாள் மேடையில் பாடியவற்றில் அவையும் உண்டு. கச்சேரியில் அவற்றைக் கேட்டுத் தலையாட்டுபவர்களில் பலருக்கு, கலைக்களஞ்சியத் தூரனும் இவரேதான் என்பது தெரியாது.

1968-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1987-ல் காலமானார். இரண்டு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இப்போது இலவசமாகப் படிக்கலாம்.