நகரத்தையே நந்தவனமாக்கிய ஜெர்மானியர்

குடமுருட்டிக் கரையிலுள்ள வலங்கைமான் பக்கத்தில் தோட்டம் என்றால் கொல்லைப்புறம்தான். கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் பாயும். ஓரத்தில் நாலு தென்னை, ஒரு முருங்கை, வேலியோரம் செம்பருத்தி. இதற்கு ஒரு நிபுணரை அழைத்துப் பணம் கொடுப்பானேன் என்று வீட்டுக்காரர் கேட்டால், அதிலும் நியாயம் உண்டு. ஆனால், பிறருக்குத் தோட்டம் வகுத்துக் கொடுப்பது தனியொரு வித்தை என்பதைத் தம் ஆயுள் முழுவதும் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பீகல்.

1865-ல் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகருக்கு அருகே லோமன் என்னும் ஊரில் பிறந்தார். தோட்டக்கலை பயின்று, 1888-ல் இங்கிலாந்து சென்றார். லண்டன் ஹைடு பார்க்கில் மலர்ப் பாத்திகள் அமைத்தார். பின்னர் உலகப் புகழ் பெற்ற கியூ தாவரத் தோட்டத்தில் சேர்ந்தார்.

மகாராஜாவின் வீட்டுத் தோட்டம்

1893-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் இவரைத் தம் சமஸ்தானத்துக்கு வரவழைத்தார். பரோடாவிலும் உதகமண்டலத்திலும் இருந்த மகாராஜாவின் அரண்மனைத் தோட்டங்கள் இவர் பொறுப்பில் வந்தன. எஜமானர் ஒருவரே, மண்ணோ இரண்டு. பரோடாவில் கோடை கொளுத்தும். உதகையில் உறைபனி செடியைக் கருக்கும். ஓர் ஊரில் தழைப்பது மற்றோர் ஊரில் பட்டுப்போகும். ஆகவே, சொந்தக்காரரின் ஆசையை அந்தந்த மண்ணுக்கு ஏற்றபடி திருத்தித் தருவதே தோட்ட நிபுணரின் முதல் வேலையாகிறது.

மாதத்துக்கு ஒரு வண்ணம்

1908-ல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அழைப்பின் பேரில் பெங்களூர் வந்தார். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டம் இவர் மேற்பார்வையில் செழித்தது. வெளிநாட்டு விதைகளைத் தருவித்துப் பயிராக்கினார். 1912-ல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. அது நடத்திய மலர்க் கண்காட்சிகளால் சாதாரண வீட்டுக்காரர்களுக்கும் செடி வளர்க்கும் ஆசை பிறந்தது.

இவருடைய பெரும் சாதனை சாலை மரங்கள். ஒரு தெருவின் மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெருவின் மரம் பூக்கத் தொடங்கும்படி, பருவம் பார்த்து நடச் செய்தார். ஜகரண்டாவின் ஊதா மங்கும் வேளையில் மயிற்கொன்றையின் சிவப்பு எழும். நட்டவருக்கு உடனே கிடைக்கும் காட்சியல்ல இது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1932-ல் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகக் காவலில் வைக்கப்பட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டு மண்ணில் உழைத்தவர் அந்நியரானார்! ஆயினும் பெங்களூரிலேயே வாழ்ந்து, 1956-ல் அங்கேயே கண்மூடினார். லால்பாக்கில் அவர் பெயர் தாங்கிய பழைய மண்டபம் 2017-ல் இடிந்து விழுந்தது. அவர் வகுத்த முறையோ ஆண்டுதோறும் பூக்கிறது.

நம் வீட்டுக்கு

இன்று வலங்கைமானில் ஒருவர் தோட்ட நிபுணரை அழைத்தால், படத்தின் அழகை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். ஐப்பசி மழையில் எங்கே தண்ணீர் தேங்கும், களிமண்ணில் எந்த வேர் அழுகும், மேற்கு வெயிலை எந்த மரம் தடுக்கும், பத்தாண்டில் அது எவ்வளவு உயரும், எந்த மாதம் எது பூக்கும் என்று கேட்கவேண்டும். இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது.