காமராஜர் தோற்றார், அவருடைய திட்டங்கள் தோற்கவில்லை: ஒரு நலத்திட்டத்தை நடுத்தர வர்க்கம் எப்படிக் காப்பாற்றுகிறது?

பினாங்கின் சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதியில் 2024 ஜூலை 6-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு 26 நாள் முன்புதான், ஜூன் 10-ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவில் ஒரு லிட்டர் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. உதவித் தொகை உண்மையில் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்பது அரசாங்கத்தின் விளக்கம்.

அந்தத் தேர்தல் முடிவுக்கு டீசல்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நேரத்தில் பல வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான். பி40 குடும்பத்துக்கு உதவி உண்டு, டி20 குடும்பத்துக்கு அது தேவையில்லை. நடுவில் நிற்கிற எம்40 குடும்பத்துக்கு என்ன? வரி கட்டும்போது ஞாபகம் வருகிறது, கொடுக்கும்போது மட்டும் விட்டுப்போகிறதே என்ற மனத்தாங்கல் அது.

இந்த மனத்தாங்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியது இல்லை. சுமார் 70 வருடத்துக்கு முன்பு சென்னை மாநிலத்தில் முதலமைச்சராக இருந்த ஒருவர் இதே முடிச்சைச் சந்தித்தார். அவர் பெயர் உங்களுக்கு நன்றாகத் தெரியும்: கு.காமராஜ்.

அவருடைய எளிமையைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அவர் ஆரம்பித்த திட்டங்கள் அவருக்குப் பிறகும் ஏன் நிலைத்தன என்பது அதிகம் பேசப்படாத விஷயம்.

பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம்

காமராஜர் 1903 ஜூலை 15-ஆம் தேதி விருதுநகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குப் போனார்.

அவர் படித்த சத்திரிய வித்யாசாலை எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள். ஊரில் வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். அப்படிச் சேர்ந்ததும், வியாபாரிகள் கொடுத்த மகமைப் பணமும்தான் அந்தப் பள்ளிக்கு ஆதாரம். பணக்காரரும் கொடுத்தார், இல்லாதவரும் ஒரு பிடி கொடுத்தார். அதனால் அது ஊருக்கே சொந்தமான பள்ளி ஆனது.

சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்த காமராஜர் மொத்தம் சுமார் 9 வருடம் சிறையில் இருந்தார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரானார். 1954 ஏப்ரல் 13-ஆம் தேதி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

முதல் முடிவு என்ன?

அவருக்கு முன்பு முதலமைச்சராக இருந்த ராஜாஜி 1953-இல் ஒரு புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நேரம் பாடம் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். எதிர்ப்பு மாநிலம் முழுக்கப் பரவியது. காமராஜர் அரசு 1954-இல் அதைக் கைவிட்டது.

அதோடு நிற்காமல் பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. நிதியையும் கல்வியையும் சி.சுப்பிரமணியம் கவனித்தார். முதலமைச்சர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர் அவர். அவரையே அமைச்சராக்கினார் காமராஜர். கல்வித் துறையை இயக்குநராக நடத்தியவர் நெ.து.சுந்தரவடிவேலு.

மதிய உணவு யாருக்கு, யார் பணத்தில்?

பள்ளிக்கூடம் திறந்தால் மட்டும் போதுமா? பசியோடு வரும் பிள்ளை எப்படிப் படிக்கும்?

பள்ளியில் சாப்பாடு போடும் யோசனை புதிதில்லை. 1920-லேயே பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அது தொடங்கியது. ஆனால் ஒரு நகரத்தின் சில பள்ளிகளோடு நின்றுபோனது. காமராஜர் காலத்தில், 1956 முதல், அது மாநிலம் முழுக்கப் போனது.

அரசு கஜானாவில் முழுச் செலவுக்கும் பணம் இல்லை. அதனால் முதலில் ஊர்மக்களிடம் அரிசியும் பருப்பும் பணமும் திரட்டினார்கள். பிறகு அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு. அதில் 6 காசு அரசு தரும், மீதி 4 காசை ஊர் தர வேண்டும்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். மேசை, கரும்பலகை, சீருடை, கட்டடம் என்று அவரவர் முடிந்ததைக் கொடுத்தார்கள். கடைக்காரர், மிராசுதார், ஓய்வுபெற்ற அலுவலர் என்று ஊரில் ஓரளவு வசதியுள்ளவர்கள் எல்லாம் இதில் வந்து சேர்ந்தார்கள். விருதுநகரின் பிடி அரிசியை மாநிலத்துக்கே விரித்த மாதிரி.

அரசியல் கணக்கு இங்கேதான் இருக்கிறது. சாப்பாடு போனது வசதியில்லாத பிள்ளைக்கு. ஆனால் நடுத்தரக் குடும்பம் அதில் ஒரு பங்காளி ஆகிவிட்டது. தன் கைப்பணம் போட்ட பள்ளியை மூட யாரும் சும்மா விடுவார்களா?

கட்டணம் யாருக்கு ரத்தானது?

அடுத்த படி இன்னும் முக்கியமானது. 1960-இல் ஒரு முடிவு வந்தது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் இருந்தால் பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி வரை கட்டணம் இல்லை.

இது இன்று நாம் கேட்கிற பி40 மாதிரியான ஏற்பாடுதான். ஒரு கோடு போட்டாச்சு. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு உண்டு, மேலே இருப்பவருக்கு இல்லை.

இப்படிக் கோடு போட்டால் மூன்று சிக்கல் வரும். வருமானச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டும். கோட்டைக் கொஞ்சம் தாண்டிய குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் உண்டு. சலுகை வாங்குகிற பிள்ளையை வகுப்பில் வேறு மாதிரி பார்ப்பார்கள்.

வருமான வரம்பு படிப்படியாகத் தளர்ந்தது. காமராஜர் 1963 அக்டோபர் 2-ஆம் தேதி கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். அடுத்து வந்த பக்தவத்சலம் ஆட்சியில், 1964-65 கல்வியாண்டில், உயர்நிலைப் பள்ளி வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணம் ரத்தானது. கோடு அழிந்தது.

ஆசிரியர்களையும் பாருங்கள். புதுப் பள்ளி என்றால் புது வேலை. படித்துவிட்டு வேலை தேடிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆசிரியர் ஆனார்கள். 1955-இல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு மூன்றும் சேர்ந்த முப்பலன் திட்டம் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளையின் படிப்பும் நடுத்தர வீட்டு ஆசிரியரின் ஓய்வூதியமும் ஒரே வண்டியில் ஏறின.

தோல்வியும் அதன் பிறகும்

1967 தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் திமுகவின் இளம் வேட்பாளர் பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்குகள். அரிசித் தட்டுப்பாடும் 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காங்கிரசைச் சாய்த்தன. அதற்குப் பிறகு அந்தக் கட்சி தமிழ்நாட்டில் தனித்து ஆட்சிக்கு வரவே இல்லை.

சரி, ஆட்சி மாறியதும் அவருடைய திட்டங்கள் என்ன ஆயின?

யாரும் தொடவில்லை. மாறாக, ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்தார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சி முட்டை சேர்த்தது. 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவும் வந்தது.

ரேஷனிலும் இதே பாடம். 1997-இல் இந்திய அரசு வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பொது விநியோகத்தைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. வாத்தியார் வீட்டு அட்டையும் கூலித் தொழிலாளி வீட்டு அட்டையும் ஒரே கடையில் இருந்தால், அரிசி புழுத்திருந்தால் சத்தம் போட வாத்தியாரும் வருவார்.

இடைவெளி குறைந்ததா?

ஒரு அடையாளத்தைச் சொல்லலாம். இந்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4 சதவீதம். இதற்குக் காமராஜர் ஒருவர் காரணம் இல்லை. பல ஆட்சிகளின் உழைப்பும் இடஒதுக்கீடும் இதில் இருக்கின்றன. ஆனால் அடித்தளம் அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்கள்.

உலக அளவிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வால்டர் கோர்பி, யோகிம் பால்மே என்ற ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998-இல் பல பணக்கார நாடுகளை ஒப்பிட்டார்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று குறிவைத்துக் கொடுக்கும் நாடுகளில் ஏற்றத்தாழ்வு அவ்வளவாகக் குறையவில்லை. நடுத்தர வர்க்கத்தையும் சேர்த்துக்கொண்ட நாடுகளில்தான் அதிகம் குறைந்தது. கேட்க முரணாக இருக்கும். ஆனால் காரணம் எளிது: தனக்கும் பங்கு இருந்தால் நடுத்தரக் குடும்பம் வரி கட்டச் சம்மதிக்கும், நிதி பெருகும். பிந்தைய ஆய்வுகள் சில, இந்தத் தொடர்பு எல்லாக் காலத்திலும் அதே அளவுக்கு வலுவாக இல்லை என்றும் காட்டுகின்றன.

அப்போ எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுக்கலாமா?

இல்லை. எரிபொருளையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எரிபொருள் உதவித் தொகையில் பெரிய கார் வைத்திருப்பவர் அதிகம் எடுத்துக்கொள்வார். பள்ளியில் பணக்காரப் பிள்ளைக்கும் ஒரே ஒரு இருக்கைதான். அதனால் டீசல் விஷயத்தில் அரசாங்கம் சொன்ன வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் பொதுவான சேவை மலேசியாவிலும் உண்டு. சுங்கை பாக்காப் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். தோட்டத் தொழிலாளிக்கும் அதே கட்டணம், ஆசிரியருக்கும் அதே கட்டணம், வருமானச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. கூட்டம் அதிகம், காத்திருப்பு அதிகம் என்று நாம் குறைபட்டுக்கொள்வது உண்மை. வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டால் அந்தக் குறையை உரக்கச் சொல்ல யார் மிஞ்சுவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

காமராஜர் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி காலமானார். சென்னை தியாகராய நகரில் அவர் கடைசி வரை இருந்தது வாடகை வீடுதான். அடுத்த வருடம் பாரத ரத்னா விருது வந்தது.

அடுத்த முறை ஒரு நலத்திட்டம் அறிவிக்கப்படும்போது, நம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது இயல்புதான். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். அந்தத் திட்டம் நாளைக்கே வெட்டப்பட்டால் அதற்காகப் பேச எத்தனை வகையான வீடுகள் முன்வரும்? ஏழை வீடு மட்டும்தான் என்றால் அதன் ஆயுள் குறைவு.