மந்தமென்று தள்ளாத மாண்டிசோரி அம்மையார்

நம் ஊர்களில் மழலையர் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் பெயரைக் காண்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கும் முறைக்கு அது பெயர் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அந்த முறையோ, படிப்பு ஏறாது என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளைகளிடத்தில் பிறந்தது. ஆகையால் அந்த அம்மையாரின் சரித்திரத்தைப் பெற்றோர் யாவரும் அறிந்திருப்பது நலம்.

மரியா மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இத்தாலி தேசத்தில் கியாரவாலே என்ற சிற்றூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது மிக அரிதாயிருந்த காலம் அது. தகப்பனாருக்கும் அதில் சம்மதமில்லை. ஆயினும் மகள் மனந்தளராமல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் பயின்று, 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்பு அதே சர்வகலாசாலையின் மனநோய்ப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. அதன் பொருட்டு மனநோயாளிகளின் விடுதிகளுக்குச் சென்று வந்தார். அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர் சிறுமியர் ஒரு வெற்று அறையில் அடைபட்டிருக்கக் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்களாம். காவல் பெண்மணிக்கு அது அருவருப்பான பேராசையாகத் தோன்றியது. இளம் மருத்துவரோ அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துத் தொட்டுப் பார்க்க அங்கே வேறொரு பொருளும் இல்லை. பிள்ளைகளின் பசி வயிற்றில் இல்லை, கையிலும் கண்ணிலும் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார்.

இத்தகைய பிள்ளைகளுக்கு மருந்தைவிடக் கல்வியே அதிகம் தேவை என்பது அவருடைய முடிவு. 1898-ல் தூரின் நகரில் கூடிய ஆசிரியர் மாநாட்டில் இதைத் துணிந்து பேசினார். பிரான்சு தேசத்தில் இத்தார், செகேன் என்னும் இரு மருத்துவர்கள் முற்காலத்தில் இவ்விஷயமாக எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். 1900-ல் ரோமாபுரியில் இப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பழக்க ஒரு பள்ளி தொடங்கியபோது, அதை நடத்தும் இருவரில் ஒருவரானார்.

பகல் முழுவதும் பிள்ளைகளுடன் இருப்பார். ஒவ்வொரு பிள்ளையும் எதில் நிலைக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று கவனித்து, இரவில் எழுதி வைப்பார். கண்ணால் பார்த்து எழுத்தைப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு, மரத்தில் செய்த எழுத்தைக் கொடுத்து விரலால் தடவச் செய்தார். பிற்காலத்தில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளும் வந்தன. நம் பாட்டனார் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலில் விரல் வைத்து எழுதிப் பழகியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பலன் என்ன? அப்பிள்ளைகளில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளுக்கு உரிய பரீட்சையிலேயே தேறினார்கள். ஊரார் வியந்தார்கள். அம்மையாரோ, நல்ல சுகமுள்ள பிள்ளைகள் ஏன் இவ்வளவு தாழ்வாக நிற்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் சுவரைக் கெடுத்துத் திரிந்த பிள்ளைகள் அவர்கள். அடி உதை இல்லை. அளவுக்கேற்ற மேசை நாற்காலி, கைக்கு வேலை, அதைச் செய்து முடிக்கப் போதிய நேரம் இவையே கொடுக்கப்பட்டன. சில மாதங்களில் முரட்டுப் பிள்ளைகள் அமைதியானார்கள். இந்தச் செய்தி உலகமெங்கும் பரவியது.

1939-ல் பிரம்மஞான சபையார் அழைக்க, அறுபத்தொன்பது வயதில் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், ஆங்கில அரசு அவருடைய மகன் மாரியோவைச் சிறைக் காவலில் வைத்து, அவரையும் வெளியே போகாதபடி கட்டுப்படுத்தியது. அவருடைய எழுபதாம் பிறந்த நாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிக் கற்பித்தார். 1952-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி ஒல்லாந்து தேசத்தில் காலமானார். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் இளைப்பாறுகிறது.

பெற்றோரே, இந்தச் சரித்திரம் நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. ல, ள, ழ வேறுபாடு தெரியாமல் ஐந்தாம் வகுப்பிலும் தடுமாறும் பிள்ளை, கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாத பிள்ளை, ஒரு நிமிஷம் உட்காராத பிள்ளை நம்மிடையே உண்டு. மக்கு என்றும் அடங்காப்பிடாரி என்றும் பெயர் சூட்டி, சேலத்தில் தறிக்கும் கொலுசுப் பட்டறைக்கும், நாமக்கல்லில் லாரிப் பட்டறைக்கும் அனுப்பிவிடுகிறோம். தொழில் எதுவும் இழிவல்ல. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறோமே, அதுவே பெரிய தீங்கு.

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சரியாகத் தெரியாததும் கேளாததுமே பல பிள்ளைகளின் மந்தத்துக்குக் காரணம். பிறகு வகுப்பு ஆசிரியரிடம் சென்று, பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று கேளுங்கள். பள்ளியில் அடிப்பதும் மனம் நோக ஏசுவதும் கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்றபடி கற்பிப்பது பள்ளியின் கடமை என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. வட்டார வள மையத்தில் இதற்கென்றே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மருத்துவச் சான்று பெற்ற பிள்ளைக்கு அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

அன்று அந்த அறையில் இருந்த இருவரும் அதே பிள்ளைகளைத்தான் பார்த்தார்கள். ஒருவர் குற்றத்தைக் கண்டார், மற்றவர் குறையைக் கண்டார். நம் பிள்ளையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று இன்றிரவு அதன் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது யோசிப்போமாக.