அசன்பேயைத் தந்த கண்டி மாநகரத்து அறிஞர்

நோட்டன் பிரிட்ஜில் மழை தொடங்கினால் இரண்டு மூன்று நாட்களுக்கு அது ஓய்வதில்லை. கெஹெல்கமு ஓயாவின் இரைச்சல் காதில் விழ, லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கின் ஒளியில் மர்ம நாவல்களைப் படித்து வளர்ந்த தலைமுறையொன்று எம்மிடையே இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த மாத நாவல்கள் அட்டை கிழிந்து, கடைசிப் பக்கங்கள் காணாமற் போன நிலையிலும் கைமாறிக் கொண்டேயிருந்தன. கடைசிப் பக்கம் இல்லாத மர்மக் கதையைப் படிப்பவனின் வேதனை சொல்லுந்தரமன்று. கடைவீதியில் முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடையிலே அவற்றைச் சில சதங்களுக்கு வாடகைக்குப் பெற்றுக்கொண்டு போன தோட்டத்து இளைஞர்களுள் நாமும் ஒருவர். அந்நாட்களில் எமக்குத் தெரியாதிருந்த செய்தி ஒன்றுண்டு. ஆட்கடத்தலும் சதியும் இரகசியமும் நிறைந்த நெடுங்கதை ஒன்றை இலங்கையில் முதன்முதலாகத் தமிழில் எழுதி அச்சேற்றியவர் எமது மலைநாட்டைச் சேர்ந்தவரே என்பதும், அவர் ஒரு முஸ்லிம் என்பதுமே அச்செய்தியாகும்.

அவர்தான் அறிஞர் எம்.சி. சித்திலெப்பை அவர்கள். பள்ளிப் பாடப்புத்தகங்களில் அவரை நாம் கல்விமானாக அறிந்திருக்கிறோம். ஸாஹிராவின் வரலாற்றைப் பேசுவோர் அவரை மறவாமல் நினைவு கூருகின்றனர். 1977ஆம் ஆண்டு அஞ்சல் திணைக்களம் அவருக்கு நினைவு முத்திரை வெளியிட்டுக் கௌரவித்தது. ஆயினும் நாவலாசிரியர் சித்திலெப்பையை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

1838ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆந் திகதி கண்டியில் முகம்மது காசிம் சித்திலெப்பை பிறந்தார். அவரது தந்தையார் இலங்கை முஸ்லிம்களுள் முதன்முதலாகச் சட்டத்தரணியானவர். வணிகமே தொழில் என்றிருந்த சமூகத்தில், புத்தகமும் வழக்கேடும் புழங்கிய வீடு அது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து இருபத்துமூன்று ஆண்டுகளே கடந்திருந்த காலம். மலைகளில் காடழித்துக் கோப்பி நடப்பட்டுக் கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து எம் முன்னோர் கால்நடையாக வந்து சேர்ந்து கொண்டிருந்ததும் அக்காலத்திலேதான். தந்தையின் வழியிலே அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்ற இளைஞர், 1860களில் தாமும் புரொக்டராகித் தொழில் நடத்தத் தொடங்கினார். கண்டி மாநகர சபையில் அங்கத்துவம் வகித்ததோடு, மாநகர நீதிமன்றத்தில் பதில் நீதவானாகவும் கடமையாற்றினார். பொருளும் புகழும் தேடி வந்த தொழில் அது. அதிலேயே அவர் ஊன்றி நின்றிருப்பாராயின் கண்டியின் செல்வந்தர்களுள் ஒருவராக வாழ்ந்து மறைந்திருப்பார். நாம் அவரைப் பற்றி எழுத நேர்ந்திராது.

நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தவரின் கண்ணில் பட்டது என்ன என்பதை ஊகிப்பது கடினமன்று. தம் சமூகத்தவர் பத்திரங்களில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே கையொப்பமிடுகின்றனர். ஆங்கிலம் அறியாமையால் அரச உத்தியோகங்களின் வாசலையே அணுகாதிருக்கின்றனர். அன்று ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிகளின் கையில் இருந்தது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என்ற அச்சத்தால் முஸ்லிம் பெற்றோர் அப்பாடசாலைகளைத் தவிர்த்தனர். அவ்வச்சம் அடிப்படையற்றது என்று எவரும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளை நிறுவியதும், 1886இல் ஒல்கொட் அவர்களின் முயற்சியால் கொழும்பில் ஆனந்தா தோன்றியதும் இதே காரணத்தாலேயே. வட இந்தியாவிலே சேர் செய்யித் அஹ்மத் கான் 1875இல் அலிகாரில் தொடங்கிய முயற்சியும் இத்தகையதே. இலங்கை முஸ்லிம்கள் மத்தியில் அப்பொறுப்பைத் தன் தோள்மீது ஏற்றுக்கொண்டவர் சித்திலெப்பை.

1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவர் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். பத்திரிகை வெளிவந்த தருணம் கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு செப்டெம்பரில்தான் எகிப்தின் தெல்-எல்-கபீரில் ஒராபி பாஷாவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒராபியும் அவரது தோழர்களும் நாடு கடத்தப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினர். எங்கோ மிஸ்று தேசத்தில் நடந்த யுத்தத்தின் நாயகர்கள் இங்குள்ள பள்ளிவாசல்களில் தோளோடு தோள் நின்று தொழுதனர். ஐரோப்பியக் கல்வியை அறிந்திருந்தும் மார்க்கத்தை விடாத முஸ்லிம்களை இலங்கையர் நேரிலே கண்டது பெரும்பாலோருக்கு அதுவே முதல்முறையாக இருந்திருக்க வேண்டும். சித்திலெப்பைக்கு அவர்கள் வாதத்திற்குக் கிடைத்த உயிருள்ள சாட்சிகள். வழக்கறிஞரல்லவா, சாட்சிகளின் பெறுமதி அவருக்குத் தெரியும்.

இந்தப் பின்னணியிலேதான் 1885இல் ‘அசன்பேயுடைய கதை’ வெளிவந்தது. பின்னாளில் ‘அசன்பே சரித்திரம்’ என்ற பெயராலும் அது அறியப்படலாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளியாகி ஆறு ஆண்டுகளே சென்றிருந்தன. ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தோன்ற இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. ஈழத்தின் முதற் தமிழ் நாவல் எது என்பதில் ஆய்வாளரிடையே விவாதங்கள் உண்டு. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘காவலப்பன் கதை’யைச் சிலர் முன்வைப்பர், அது ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சிறுநூல். சொந்தமாகப் படைக்கப்பட்ட நாவல் என்ற வகையில் சித்திலெப்பையின் நூலுக்கே முதன்மை தருவது பொருத்தம் என்பது எமது கருத்து.

கதை மிஸ்று தேசத்தில் தொடங்குகிறது. உயர்குடியில் பிறந்த குழந்தையொன்று பிறந்த சில நாட்களிலேயே களவாடப்படுகிறது. கடல் கடந்து பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டு, தான் யாருடைய பிள்ளை என்று அறியாமலே வளர்கிறது. இளம் பருவத்தில் அங்கிருந்து தப்பிக் கல்கத்தா சென்று, ஆங்கிலேயர் ஒருவரின் ஆதரவில் கல்வி கற்கிறான் அசன். பின்னர் தன் பிறப்பின் இரகசியத்தைத் தேடி மிஸ்றுக்குத் திரும்புகிறான், சதிகாரரை எதிர்கொள்கிறான், இறுதியில் ‘பே’ என்ற பட்டத்தையும் பெறுகிறான். துருக்கிய ஆட்சியில் பாஷாவுக்கு அடுத்த நிலையிலுள்ள கௌரவப் பட்டம் அது.

இன்றைய வாசகர்கள் இதனை உளவியல் மர்ம நாவல் என்று ஒப்புக்கொள்வார்களா? முழுமையாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதை நாம் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று துரத்திச் செல்கின்றன. மனிதரின் உள்ளத்துள் ஆசிரியர் நெடுநேரம் தங்குவதில்லை. இடையிடையே கல்வியின் மேன்மை பற்றிய உபதேசங்கள் கதையை நிறுத்தி வைக்கின்றன. தற்செயல்கள் அளவுக்கு மிஞ்சியவை. ஆனால் அக்காலத்து உலக இலக்கியத்தையும் ஒருகணம் நோக்குதல் வேண்டும். இங்கிலாந்திலே வில்கி காலின்ஸ் தம் மர்ம நாவல்களை எழுதி இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. ருஷ்யாவில் தஸ்தயேவ்ஸ்கி கொலைகாரனின் மனச்சாட்சியை நாவலாக்கியது 1866இல். ஒரே மனிதனுக்குள் இருவர் வாழும் கதையை ஸ்டீவன்சன் வெளியிட்டது அசன்பேக்கு அடுத்த ஆண்டான 1886இல். தமிழிலோ உரைநடையில் கதை சொல்வதே புதுமையாக இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களால் தமிழ் வாசகரைக் கட்டிப்போட்டது அடுத்த நூற்றாண்டில்தான்.

இத்தனை குறைகளுக்கிடையிலும் அந்நாவலின் மையத்தில் இருக்கும் கேள்வி அழுத்தமானது. நான் யார்? என்னைப் பெற்றவர் யார்? எந்த மண் என்னுடையது? பெயரும் குலமும் பறிக்கப்பட்ட சிறுவனின் உள்ளத்து வெறுமையே கதையை முன்னே தள்ளுகிறது. அந்த வெறுமையைக் கல்வியினாலே நிரப்பலாம் என்று நம்பினார் ஆசிரியர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இக்கதையைப் படிக்கையில், அதன் ஆசிரியர் எண்ணியிராத பொருளெல்லாம் எமக்குத் தோன்றுகிறது. பிறப்புச் சான்றிதழைத் தேடிக் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கிய தந்தையரைக் கண்டவர்களுக்கு, அசனின் அலைச்சல் வெறும் கற்பனையாகத் தோன்றுவதில்லை.

இன்னொன்றையும் இவ்விடத்தில் குறிப்பிடுதல் வேண்டும். அதே 1885இல்தான் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்ற கருத்தைச் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் முன்வைத்தார். 1888இல் அதனை ரோயல் ஆசிய சங்கத்தில் கட்டுரையாகவும் வாசித்தார். முஸ்லிம் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவான மறுப்பை நூலாக வெளியிட்டார். அந்த விவாதத்தின் தழும்புகள் இன்றும் முற்றாக மறையவில்லை. யார் யாருடைய இனம் என்று சபையிலே வழக்காடப்பட்ட அதே ஆண்டில், கண்டியிலே பிறந்த முஸ்லிம் அறிஞர் தமிழில் ஒரு நாவலை எழுதி எல்லோர் முன்னிலையிலும் வைத்தார். இனத்தைப் பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும், மொழியைப் பற்றி அவருக்கு ஐயமே இருந்ததில்லை. மிஸ்று தேசத்துப் பாஷாக்களும் பம்பாய் வணிகர்களும் கல்கத்தாத் துரைமாரும் அவரது பேனாவில் தமிழிலேதான் பேசினர். அத்தமிழில் அரபுச் சொற்களும் முஸ்லிம் வீட்டு வழக்குகளும் இயல்பாகக் கலந்திருந்தன.

நாவல் எழுதியதோடு அவர் அமர்ந்துவிடவில்லை. உண்மையில் மீண்டும் அத்தகைய நாவல் எழுத அவருக்கு ஓய்வு கிடைக்கவேயில்லை. தமிழ் இலக்கியத்திற்கு அது இழப்பே. கொழும்பு புதுச் சோனகத் தெருவில் 1884இல் அவர் தொடங்கிய பாடசாலை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆதரவு குறைவு, எதிர்ப்பு அதிகம். ஆங்கிலம் படித்தால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சியவர்கள் அவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினர். அவர் சளைக்கவில்லை. கண்டியிலும் வெளியூர்களிலும் பாடசாலைகளுக்கு வித்திட்டார். பெண் கல்வி பற்றிப் பேசுவதே துணிச்சலாகக் கருதப்பட்ட காலத்தில், கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை 1891இல் ஆரம்பித்தார். அதில் அவருக்குத் துணை நின்றவர் அவரது சகோதரியார் முத்து நாச்சியா. அந்த அம்மையாரைப் பற்றி நாம் இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். எமது வரலாற்றெழுத்தாளர்கள் பெண்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தை என்னவென்று சொல்வது.

1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஒரு மத்ரஸா திறந்து வைக்கப்பட்டது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக ஓங்கி வளர்ந்தது அதுவே. ஒராபி பாஷாவின் ஆதரவும், கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை எழுப்பிய வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும், சித்திலெப்பையின் பத்தாண்டுக் காலப் பிரசாரமும் அங்கே ஒன்று சேர்ந்தன. அதே ஆண்டில் ‘ஞானதீபம்’ என்ற சஞ்சிகையையும் அவர் தொடங்கினார். மறைவதற்கு முந்திய ஆண்டான 1897இல் ‘அஸ்றாறுல் ஆலம்’ என்ற மெய்ஞ்ஞான நூலை வெளியிட்டார். பிரபஞ்சத்தின் இரகசியங்கள் என்பது அத்தலைப்பின் பொருள். சிறுவன் ஒருவனின் பிறப்பு இரகசியத்தைக் கதையாக்கியவர், இறுதியில் சிருஷ்டியின் இரகசியத்தையே ஆராயப் புகுந்தார். நாவலில் அவர் நுழையத் தயங்கிய மனித உள்ளத்தின் ஆழத்தை, சூஃபி ஞானத்தின் வழியே பின்னர் தேடினாரோ என்று நாம் எண்ணுவதுண்டு.

நாவல் வெளிவந்த 1885ஆம் ஆண்டில் மலைநாட்டின் முகமே மாறிக்கொண்டிருந்தது. நோயினால் கோப்பி அழிந்தது. முந்திய ஆண்டு ஓரியண்டல் வங்கி முறிந்து பலர் தெருவுக்கு வந்தனர். மலைச்சரிவுகளில் கோப்பி வேர்களைப் பிடுங்கிய கைகளே தேயிலைக் கன்றுகளை நட்டன. புகையிரதப் பாதை ஹட்டனைக் கடந்து அவ்வாண்டில் நானுஓயாவை எட்டியது. அப்பாதையில் மூட்டைகளோடு வந்திறங்கிய முஸ்லிம் வணிகர்கள் தோட்டப்புறக் கடைவீதிகளில் கடை வைத்தனர். தோட்டத்துத் தமிழரோடு அவர்கள் கொடுக்கல் வாங்கலும் கோபதாபமும் அதே தமிழில் நடந்தன. எமக்கு மர்ம நாவல்களை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரரின் மூதாதையரும் அப்படி வந்தவராக இருக்கக்கூடும்.

1898ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆந் திகதி, அறுபது வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், சித்திலெப்பை இறையடி சேர்ந்தார். கண்டி மஹியாவை மையவாடியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கண்டியில் அவர் பெயர் தாங்கிய மகா வித்தியாலயம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் பாடசாலைகளை நிறுவிய பெரியார் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பிறந்த சில நாட்களில் திருடப்பட்ட குழந்தையின் கதையைச் சொல்லி, அடுத்து என்ன நடந்தது என்று வாசகரை ஏங்க வைத்தவர் அவர் என்பதையும் யாரேனும் ஆசிரியர் வகுப்பிலே சொல்லி, அந்நூலின் ஒரு பிரதியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் நன்று. கடைசிப் பக்கம் கிழியாத பிரதியாகப் பார்த்து.