மாளிகை கட்டிய சலவைப் பெண்

செல்வம் சேர்ந்தால் சிறுமை அகலும் என்பர். தோலின் நிறத்தால் வந்த சிறுமையும் அகலுமா? வாக்கர் அம்மையாரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பினப் பெற்றோர்க்கு 1867இல் பிறந்தவர் சாரா. 7 வயதில் பெற்றோரை இழந்தார், 14இல் மணம், 20இல் கைம்மை. செயின்ட் லூயி நகரில் துணி வெளுத்து, ஒரே மகள் லெலியாவைப் படிக்க வைத்தார்.

தம் தலைமுடி உதிர்ந்த துயரே தொழிலுக்கு வித்தாயிற்று. கூந்தல் களிம்பு விற்றார். 1906இல் சார்லஸ் வாக்கரை மணந்தார். தொழிலை விரிக்கத் துடித்தார் மனைவி; வந்தது போதும் என்றார் கணவர். மணம் முறிந்தது, வாக்கர் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது.

கறுப்பினப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் அவருடைய விற்பனையாளராகிச் சொந்தக் காலில் நின்றனர். ஆயினும், வெள்ளையரைப் போல் முடியை மாற்றுகிறார் என்று தம் இனத்தாரே பழித்தனர். முடியின் நலமே தம் நோக்கம் என்று அவர் மறுத்தார்.

1917இல், கறுப்பரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுக்க வேண்டி, ஹார்லெம் தலைவர்களோடு வெள்ளை மாளிகை சென்றார். குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவே இல்லை. செல்வம் அந்தக் கதவைத் திறக்கவில்லை!

நியூயார்க் அருகே இர்விங்டனில், கறுப்பினக் கட்டடக் கலைஞர் டாண்டி வரைந்த மாளிகையில் 1918இல் குடியேறினார். மறு ஆண்டே அங்கு மறைந்தார். மகளோ தாயைப் போல் வணிகத்தில் மூழ்கியவர் அல்லர். விருந்திலும் கலையிலும் மனம் வைத்தவர். எனினும் 1927இல் தம் ஹார்லெம் இல்லத்தைக் கவிஞர்க்கும் கலைஞர்க்கும் திறந்துவிட்டார்.

தாய் பொருளால் தேடிய மதிப்பை மகள் கலையால் தேடினார். வழி வேறு, வேட்கை ஒன்றே.