நாடு கேட்ட கைகள்

1938ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இரவு, நியூயார்க் நகரின் யாங்கி விளையாட்டரங்கில் எழுபதாயிரம் பேர் கூடியிருந்தனர். கோடிக்கணக்கானோர் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். குத்துச்சண்டை மேடையின் ஒருபுறம் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் நின்றார். இட்லரின் ஆட்சி தன் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்ட விரும்பிய வீரர் அவர். மறுபுறம் நின்றவர் உலக மிகுஎடைப் பிரிவு வாகையரான ஜோ லூயிஸ். அவருடைய வெற்றிக்காக அமெரிக்கா முழுவதும் காத்திருந்தது. ஆயினும், அந்த இருபத்து நான்கு வயது இளைஞர், அதே நாட்டின் தென்மாநிலங்களில் வெள்ளையர் உண்ணும் உணவகத்தில் அமர்ந்து ஒருவேளை உணவு உண்ணவும் உரிமையற்றவர்.

ஜோசப் லூயிஸ் பாரோ என்பது அவருடைய முழுப்பெயர். அலபாமா மாநிலத்தின் லஃபாயெட் என்னும் ஊருக்கு அருகில், 1914ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பிறந்தார். அடிமைகளாக வாழ்ந்தவர்களின் வழிவந்த குடும்பம் அது. பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பருத்தி பயிரிட்டுப் பிழைத்தது. எட்டுப் பிள்ளைகளுள் ஜோ ஏழாமவர். அவர் குழந்தையாக இருந்தபோதே தந்தை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பேச்சு திக்கியதால் சிறுவன் பெரும்பாலும் வாய் திறவாமலே வளர்ந்தான். 1926ஆம் ஆண்டில், வெள்ளையின வெறியரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சி, குடும்பம் வடக்கே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது.

மகன் இசை கற்று உயர வேண்டும் என்பது தாய் லில்லியின் விருப்பம். வயலின் வகுப்புக்கென அவர் கொடுத்த காசு, குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்திற்குப் போய்ச் சேர்ந்தது. 1932இல் நடந்த முதல் போட்டியில், ஒலிம்பிக்கில் ஆடிய வீரரான ஜானி மைலரிடம் ஜோ ஏழுமுறை கீழே விழுந்து தோற்றார். சில காலம் மோட்டார் வாகன ஆலையில் உழைத்தார். பிறகு மீண்டும் கையுறை அணிந்தார். 1934ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், சிகாகோவில் தொழில்முறை வீரராக முதற்போட்டியில் இறங்கி, எதிராளியை முதற்சுற்றிலேயே வீழ்த்தினார்.

அவரை வழிநடத்திய மேலாளர் ஜான் ராக்ஸ்பரோவும் பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்னும் கறுப்பினத்தவர்கள். குத்துவதைக் கற்பிப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது. வெள்ளையர் உலகில் தம் மாணவரைத் தாக்குப்பிடிக்கச் செய்வதே கடினமாக இருந்தது. 1908இல் முதல் கறுப்பின மிகுஎடை வாகையரான ஜாக் ஜான்சன், வீழ்ந்த வெள்ளையரைப் பார்த்து வெளிப்படையாகச் சிரித்தவர். வெள்ளைப் பெண்களை மணந்தவர். அதனை வெள்ளையர் சமூகம் மன்னிக்கவில்லை. 1915இல் அவர் பட்டத்தை இழந்தபின், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தக் கறுப்பினத்தவருக்கும் பட்டப்போட்டியில் இடம் தரப்படவில்லை. அடைபட்ட கதவு மீண்டும் திறக்கவேண்டுமாயின், லூயிஸ் ஜான்சனுக்கு நேர்மாறானவராகத் தோன்ற வேண்டியிருந்தது. வெள்ளைப் பெண்ணுடன் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீழ்ந்தவரை இகழக் கூடாது. வென்றபோதும் முகத்தில் மகிழ்ச்சி தெரியக் கூடாது. இயல்பிலேயே வாய்பேசாத அந்த இளைஞருக்கு இவ்விதிகள் எளிதாகப் பொருந்தின. ஆனால், இருபது வயதில் ஒருவர் தம் வெற்றியைக் கண்டு புன்னகைக்கவும் அஞ்சவேண்டியிருந்தது எத்தகைய கொடுமை! பத்திரிகைகளோ அந்த அசைவற்ற முகத்தைக் கண்டு, அவர் உணர்ச்சியற்றவர் என எழுதின.

1935இல் இத்தாலியின் பிரிமோ கார்னெராவையும் மாக்ஸ் பேரையும் வீழ்த்தினார். இருவரும் முன்னாள் உலக வாகையர்கள். கைக்குப் பணம் வந்ததும், தம் குடும்பம் வறுமைக்காலத்தில் பெற்றிருந்த அரசு நிவாரணத் தொகையைக் கணக்கிட்டுத் திருப்பிச் செலுத்தினார். இதனை இங்கே நினைவில் கொள்ளுதல் நன்று. அரசு பின்னாளில் அவரிடம் வேறொரு கணக்கைக் கேட்டது.

1936ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஷ்மெலிங்கை முதன்முறை எதிர்கொண்டார். லூயிசின் பழைய போட்டிகளைத் திரைப்படச் சுருள்களில் பன்முறை பார்த்திருந்த ஷ்மெலிங், ஒரு குறையைக் கண்டறிந்திருந்தார். இடக்கையால் குத்தியபின் லூயிஸ் அக்கையைச் சற்றே தாழ்த்துவார். அந்த இடைவெளியில் ஜெர்மானியரின் வலக்கை மீண்டும் மீண்டும் பாய்ந்தது. பன்னிரண்டாம் சுற்றில் லூயிஸ் எழ இயலாமல் வீழ்ந்தார். கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் அன்றிரவு துயரத்தில் ஆழ்ந்தன.

ஓராண்டுக்குப் பின், 1937ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், சிகாகோவில் ஜேம்ஸ் பிராடாக்கை எட்டாம் சுற்றில் வீழ்த்தி லூயிஸ் உலக வாகையர் ஆனார். ஆயினும் ஷ்மெலிங்கை வெல்லும்வரை அப்பட்டம் நிறைவுடையதாக அவருக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டு அதே நாளில் அந்த வாய்ப்பு வந்தது. மணி ஒலித்ததும் பாய்ந்தார். ஷ்மெலிங் மும்முறை மேடையில் சாய்ந்தார். 124 விநாடிகளில் போட்டி முடிந்தது. அரங்கில் இருக்கை தேடிக்கொண்டிருந்தோர் அதனைக் காணவே இல்லை.

ஷ்மெலிங்கைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர் நாஜிக் கட்சியில் சேராதவர். கட்சியின் அழுத்தத்தையும் மீறி, தம் யூத மேலாளரைக் கைவிட மறுத்தவர். அப்போட்டி நடந்த அதே ஆண்டின் நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, இரண்டு யூதச் சிறுவர்களைப் பெர்லின் விடுதியொன்றில் தம் அறையில் மறைத்துக் காத்தார். மேடையில் மோதிய இருவரும் தாங்கள் சுமக்க விரும்பாத கொடிகளைச் சுமந்தனர்.

அமெரிக்கா போரில் இறங்கியபின், 1942 ஜனவரியில் நடந்த பட்டப்போட்டியில் தாம் பெற்ற ஊதியத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கு வழங்கினார். கறுப்பினத்தவரைச் சமையற்கூடத்திலும் பரிமாறும் பணியிலும் மட்டுமே நெடுங்காலம் வைத்திருந்த படை அது. அதனால் அவர் இனத்தவருள் சிலரே அவரைக் குறைகூறினர். அடுத்துத் தரைப்படைக்காகவும் ஒரு போட்டியை ஆடிக்கொடுத்தார். தாமும் படைவீரராகச் சேர்ந்தார். முகாம் முகாமாகச் சென்று ஏறத்தாழ நூறு காட்சிப்போட்டிகளில் பங்கேற்றார். கல்வியிருந்தும் அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களுக்காக வாதாடினார். பின்னாளில் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அவர்களுள் ஒருவர். பிறந்த மாநிலமான அலபாமாவில், இராணுவ முகாமின் பேருந்து நிலையத்தில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய இடத்திற்குச் செல்ல மறுத்தமைக்காக, சீருடையில் இருந்த உலக வாகையர் தடுத்து வைக்கப்பட்டார்.

போருக்குப் பின்னும் பட்டத்தைக் காத்து, 1949 மார்ச்சு முதல் நாள் ஓய்வு பெற்றார். பதினோரு ஆண்டுகள் எட்டு மாதங்கள் வாகையராக இருந்து, பட்டத்தை 25 முறை தக்கவைத்தார். மிகுஎடைப் பிரிவில் இந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் கடக்கவில்லை.

ஓய்வு நிலைக்கவில்லை. வருமான வரித்துறை கணக்கோடு வந்து நின்றது. படைகளுக்கு வழங்கிய போட்டி ஊதியங்களும் அவருடைய வருமானமாகவே கொள்ளப்பட்டு, அவற்றுக்கும் வரி கேட்கப்பட்டது. கேட்டவர்க்கெல்லாம் அள்ளிக்கொடுத்ததும், மேலாளர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதும், தொழில்முயற்சிகள் தோற்றதும், கோல்ஃப் ஆட்டப் பந்தயங்களில் இழந்ததும் அவருடைய கையை ஏற்கெனவே வெறுமையாக்கியிருந்தன. அவற்றில் அவருடைய பிழையும் உண்டு. வட்டியோடு வளர்ந்த கடன் பத்து இலட்சம் டாலரைத் தாண்டியது.

கடனடைக்க மீண்டும் மேடையேறினார். 1950இல் எசார்ட் சார்லசிடம் தோற்றார். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில், இளைஞர் ராக்கி மார்சியானோவின் குத்தில் கயிறுகளின் ஊடே மேடையின் விளிம்பில் வீழ்ந்தார். லூயிசைப் போற்றி வளர்ந்த மார்சியானோ, வென்றபின் உடைமாற்றும் அறைக்குச் சென்று கண்கலங்கினார். அடுத்த ஆண்டு சான் டியாகோவில், வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்த தொழில்முறைக் கோல்ஃப் போட்டியில் போராடி இடம்பெற்று, அக்களத்திலும் ஒரு தடையை உடைத்தார். வரிக்கடன் மட்டும் தீரவில்லை. பணத்துக்காக மல்யுத்த மேடையிலும் தோன்றினார். 1960களில்தான் வரித்துறை பழைய கணக்கை வலியுறுத்துவதை விட்டது.

இறுதிக்காலத்தில் லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட விடுதியொன்றில், வருவோரைக் கைகுலுக்கி வரவேற்பதே அவருடைய வேலையாயிற்று. மனநோயும் இதயநோயும் உடலைத் தளர்த்தின. 1981 ஏப்ரல் 11ஆம் நாள் சக்கர நாற்காலியில் அமர்ந்து ஒரு குத்துச்சண்டைப் போட்டியைக் கண்டார். மறுநாள் அவருடைய இதயம் நின்றது.

குடியரசுத் தலைவர் ரீகன் விதிகளைத் தளர்த்தியமையால், ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் படைமரியாதையுடன் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. போருக்குப் பின் லூயிசைத் தேடிவந்து நண்பரான ஷ்மெலிங், அவருடைய வறுமையறிந்து பலமுறை உதவியவர். அடக்கச் செலவிலும் ஒரு பகுதியை அவரே ஏற்றார்.